வர்ணிகாவை யாரும் பிடிக்கக் கூடாது

புதிதாகக் குடிவந்த வீட்டுப் பிள்ளையிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஈஸ்வரமூர்த்திக்கு இது உறைத்தபோது ஆட்டம் ஆரம்பமாகிவிட்டது. பி பிளாக்குக்குப் பின்னால், விருந்தாளிகள் வண்டி நிறுத்தும் இடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் வட்டமாகக் கூடி, சா பூ த்ரீ போட்டு, ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு, கடைசியில் அந்தப் பிள்ளை மட்டும் தனியாக நின்றது. இனி அதுதான் துரத்திப் பிடிக்க வேண்டும். முத்தரசி என்று பேர். தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம், சி பிளாக்கில் சாமான் இறக்கிய அட்டைப்பெட்டிகள்கூட இன்னும் வராந்தாவை விட்டுப் போகவில்லை. ஒல்லியாக, முழங்காலில் பழைய தழும்போடு, செருப்பை ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலில் நிற்கிறாள். வெறுங்காலில் நிற்கிற பிள்ளை நிஜமாகவே ஓடுகிற பிள்ளை, இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஞானம் வேண்டியதில்லை. ஆட்டமும் சிக்கலான ஆட்டமில்லை. லாக் அண்ட் கீ. துரத்துகிறவள் தொட்டால் லாக், தொடப்பட்டவர் அந்த இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். மற்றவர்களில் யாராவது துணிந்து ஓடிவந்து தொட்டால் கீ, மறுபடி ஓடலாம். எல்லோரும் லாக் ஆகிவிட்டால் ஆட்டம் முடிந்தது. இந்த அப்பார்ட்மென்டில் மட்டும் இதோடு இன்னொரு விதி சேர்ந்திருந்தது. வர்ணிகாவை யாரும் பிடிக்கக் கூடாது. விதியைப் போட்டவர் இந்தக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரான ஈஸ்வரமூர்த்தி. வர்ணிகா அவருடைய மகள், மூன்றாம் வகுப்பு.

ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்து சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, காலையிலேயே வரி விடாமல் படித்த செய்தித்தாளை மறுபடி விரித்துப் பிடித்திருந்தார். இப்போதே எழுந்துபோய்ச் சொல்லிவிடலாம். என்னவென்று சொல்வது? ஏம்மா இங்க வா, உன் பேரென்ன, முத்தரசியா, நல்ல பேரு, அதோ மஞ்சச் சட்டை போட்டுருக்குதே, அந்தப் பாப்பாவை மட்டும் தொடாதே, சரியா? ஏன் அங்கிள் என்று கேட்பாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏன் என்று கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அவளுக்கு முடியாதும்மா என்று சொல்லலாம். என்ன முடியாது? கை கால் திடமாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மத்தியானம் கோழிக்குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். என் பிள்ளை தோற்றுப்போய் நிற்பதைப் பார்க்க எனக்கு முடியாதும்மா என்பதுதான் நிஜம், அதைப் போய் ஒரு சின்னப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா, கட்டின பெண்டாட்டியிடமே சொன்னதில்லை. அவர் பாதி எழுந்தார். அதற்குள் ரிஃபா இந்தப் பக்கம் பார்த்தாள். பிள்ளைகளுக்கெல்லாம் தலைவி மாதிரி இருக்கிறவள், ஏழாம் வகுப்பு, ஏ பிளாக். அவள் அவரைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டு யாரையோ, ஓடுடா ஓடுடா என்று அதட்டினாள். அவர் வேட்டியைச் சரிசெய்வதுபோலச் செய்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். பம்ப்செட் கம்பெனியில் நாற்பது ஏஜெண்டுகளை உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்கிற மனுஷன், ஒரு பன்னிரண்டு வயசுப் பெண்ணின் கண்ணுக்குப் பயந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்.

எல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்து மேடம் சொன்னதிலிருந்துதான். தப்பு அவர்மேல் இல்லை, அவர் நல்லதைத்தான் சொன்னார். வர்ணிகா வகுப்பில் வாயே திறப்பதில்லை, நகத்தைச் சதையோடு சேர்த்துக் கடிக்கிறாள், பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்கக்கூடத் தயங்கி ஒருநாள் பெஞ்சிலேயே நனைத்துக்கொண்டாள் என்று வரச்சொல்லியிருந்தார்கள். மனைவி வாணி கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈஸ்வரமூர்த்தி டாக்டர், டானிக், ஸ்கேன் என்று எதையெதையோ கேட்டார். அந்த மேடம் சிரித்துவிட்டு, "ஒன்னும் வேண்டாங்க சார். சாயங்காலம் ஒரு மணி நேரம் மத்த குழந்தைங்களோட ஓடியாட விடுங்க. வேர்க்கட்டும், விழட்டும், சண்டை போடட்டும். மனசுல கெட்டிப்பட்டுக் கிடக்கறது எல்லாம் ஓடறப்பத்தான் இளகும். நீங்க பக்கத்துல நின்னு ஒன்னும் செய்யாதீங்க, அது போதும்" என்றார். ஒன்னும் செய்யாதீங்க. அதைத்தான் அவர் காதில் வாங்கவில்லை. ஒன்றும் செய்யாமல் இருக்க அவருக்கு வராது. லிஃப்ட் நின்றால் அவர், தண்ணீர் லாரி வரவில்லையென்றால் அவர், எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி விசாரிப்பது அவர். முதல்நாள் வர்ணிகாவைக் கீழே கூட்டிவந்தபோது அவள் அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தாள், கண்ணை மூடித் திறப்பதற்குள் லாக் ஆனாள். யாரும் விடுவிக்க வரவில்லை, வேண்டுமென்று இல்லை, பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். அங்கே நிறுத்தியிருந்த ஒரு வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவள் நின்றது, ஆட்டம் அவளைச் சுற்றி நடந்தது, அவள் நின்றுகொண்டேயிருந்தது. அந்தக் காட்சி அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை, அவளுக்கல்ல, இவருக்கு.

மறுநாள் மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசினார். பேசினார் என்பது மரியாதையான வார்த்தை. கார்களில் கீறல் விழுகிறது, சத்தம் தாங்கவில்லை, பிள்ளைகளை இங்கே விடக் கூடாது என்று சங்கக் கூட்டத்தில் ரகளை நடந்து, இவர்தான் சமாதானம் பேசி, விளக்குப் போடுகிற வரைக்கும் விளையாடலாம் என்று முடிவு வாங்கிக்கொடுத்திருந்தார். பிள்ளைகளுக்கு அவர் மேல் நிஜமாகவே பிரியம் இருந்தது. அந்தப் பிரியத்தின் மேல்தான் கை வைத்தார். "வர்ணிகாவைக் கொஞ்சம் பாத்துக்கங்க கண்ணுகளா. அவளை யாரும் லாக் பண்ண வேண்டாம்" என்றார். ரிஃபாவுக்கு உடனே புரிந்தது. "ஒப்புக்குச் சப்பாணிங்களா அங்கிள்?" என்று கேட்டாள். எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஏற்பாடுதானே. பால்குடி மறக்காத பொடிசு நானும் நானும் என்று அழுதால் சரி வா என்று சேர்த்துக்கொள்வார்கள், அது ஓடும், கத்தும், யாரும் பிடிக்க மாட்டார்கள், பிடித்தாலும் செல்லாது. ஆட்டத்தில் இருக்கும், ஆனால் இருக்காது. "ஆமா, அப்படித்தான். ஆனா அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார் இவர். ரிஃபா புருவத்தைச் சுருக்கினாள். "தெரியாம எப்படிங்க அங்கிள்? ஒப்புக்குச் சப்பாணின்னா ஆரம்பிக்கறப்பவே எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி சொல்லோணும். சொல்லலைன்னா அது ஏமாத்தறதுங்க." அந்த இடத்தில் அவர் நிறுத்தியிருக்கலாம். ஆமாம் சாமி, நீ சொல்றது சரி என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் என்ன செய்தார்? சிரித்த முகம் மாறாமல், "நீங்க இங்க விளையாடறதுக்கு நான் எத்தனை பேருகிட்டப் பேசிருக்கேன்னு உனக்குத் தெரியுமில்ல ரிஃபா?" என்றார். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, மிரட்டவில்லை. ரிஃபா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு, "சரிங்க அங்கிள்" என்றாள். அந்த சரிங்க அங்கிளை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும். குளிக்கும்போது நினைவுக்கு வந்தால் சத்தமாகத் தொண்டையைச் செருமுவார், வாணி வெளியிலிருந்து என்னாச்சுங்க என்பாள்.

முத்தரசி பாய்ந்தாள். ஜெரோம் என்கிற பையன் எடுத்த எடுப்பிலேயே லாக். அடுத்தது யாரோ. வர்ணிகா தூரத்தில் தண்ணீர்த்தொட்டி மேட்டுக்குப் பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்தாள், யார் துரத்தினாலும் துரத்தாவிட்டாலும் குதிக்கிற குதி, பின்னல் முதுகில் அடிக்க அடிக்க. எத்தனை மாறிவிட்டாள். அதை யாராலும் இல்லையென்று சொல்ல முடியாதே. நகம் வளர்ந்திருக்கிறது, வாணி போன வாரம் முதல்தடவையாக அதை வெட்டிவிட்டாள், வெட்டின நகத்தை உள்ளங்கையில் வைத்து இவரிடம் காட்டினாள். "ஏனுங்க, புள்ள இப்பெல்லாம் ரெண்டு தோசை சேத்தித் திங்குதுங்க, படுத்தவொடனே தூங்கிப்போகுதுங்க. நீங்க கூட்டிட்டுப் போனதுதாங்க" என்று சொல்லும்போது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, ஆமாம் நான்தான் என்று இவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அதைவிடக் கேவலம், ஒருநாள் வர்ணிகா ஓடுவதைப் படம் பிடித்து, எங்க வீட்டு மான்குட்டி என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். ஈரோட்டு மச்சினன் முதல் கம்பெனி வாட்ச்மேன் வரைக்கும் கை தட்டினார்கள். யாரும் துரத்தாத மான்குட்டி. தினமும் மேலே ஏறும்போது லிஃப்டுக்குள் அவர் கேட்பார், "இன்னைக்கு யாராவது புடிச்சாங்களா அம்மிணி?" அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, "இல்லப்பா! யாராலயுமே புடிக்க முடியல!" என்பாள். இவர் கையை நீட்டுவார், அவள் அதில் ஓங்கி அடிப்பாள். ஏன் தினமும் கேட்க வேண்டும்? பதில் தெரிந்த கேள்வியை, பதிலைத் தானே செய்துவைத்துவிட்டு, ஒரு பிள்ளையின் வாயால் எதற்காக வரவழைக்க வேண்டும்? அவளுக்காகத்தான் என்று சொல்லிப் பார்த்தார். அது பொய் என்று சொன்ன வேகத்திலேயே தெரிந்தது.

ஏனென்றால் அந்தக் கை தட்டலில் தட்டப்பட்ட கை வேறு ஒருத்தனுடையது. அவருடைய சின்ன வயசில், வரதராஜபுரத்து முனிசிபல் ஸ்கூல் மைதானத்தில் சாயங்காலம் இரண்டு பெரிய பையன்கள் எதிரெதிரே நின்று, நீ எனக்கு, நீ எனக்கு என்று ஆள் பிரிப்பார்கள். பிரித்துப் பிரித்து, நொண்டிக்கால் பழனியைக்கூட எடுத்துக்கொண்ட பிறகு, தடித்த தொடையும் வழிகிற மூக்குமாக ஈஸ்வரன் மட்டும் நடுவில் நிற்பான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். "டேய் ஈஸு, நீ செருப்பப் பாத்துக்கடா" என்பார்கள். பார்த்துக்கொண்டான். நன்றாகவே பார்த்துக்கொண்டான். யாருடைய செருப்பு எது என்று ஜோடி ஜோடியாக அடுக்கி வைப்பான், நாய் வந்தால் விரட்டுவான், ஒரு செருப்பு காணாமல் போனதில்லை. நல்லவன்டா என்று தட்டிக்கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டு போவார்கள். இன்றைக்கும் அதையே அல்லவா செய்துகொண்டிருக்கிறார், லிஃப்டும் மோட்டாரும் தண்ணீர் லாரியுமாக ஊரார் செருப்பைப் பார்த்துக்கொண்டு. அது போகட்டும். அந்தப் பையனுக்காக இத்தனை வருஷம் கழித்துப் பழிவாங்க இந்தப் பிள்ளைதான் கிடைத்ததா? இவருடைய பயத்தை எடுத்து அவளுடைய முதுகில் கட்டிவிட்டு, ஓடு ஓடு என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார். வர்ணிகாவுக்குத் தோற்கத் தெரியுமா தெரியாதா என்று அவருக்கே தெரியாது, அந்த ஒருநாளுக்குப் பிறகு அவளை அவர் தோற்கவே விடவில்லை. வெட்கமாக இருந்தது. காதுமடல் சூடாவது அவருக்கே தெரிந்தது. தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

இதில் இன்னொரு முள்ளும் இருந்தது, அதைத்தான் அவர் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தார். பிடிக்க முடியாத பிள்ளை ஒருத்தி ஆட்டத்தில் இருந்தால் அவள் பாட்டுக்கு எல்லோரையும் கீ கொடுத்து விடுவித்துக்கொண்டே இருப்பாள், துரத்துகிறவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வர்ணிகா வந்து தொட்டால், ஹே என்று கத்திக்கொண்டு இரண்டடி ஓட வேண்டும், அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் பழைய இடத்துக்கே வந்து லாக்காக நின்றுகொள்ள வேண்டும். இதை இவர் சொல்லித்தரவில்லை. இவர் போட்ட பொய்யைச் செப்பனிட அவர்களாகவே ஒரு பொய் சேர்த்துக்கொண்டார்கள், அத்தனை சின்ன வயசில். போன செவ்வாயோ புதனோ ஜெரோம் அப்படித்தான் செய்தான். வர்ணிகா தொட்டாள், அவன் ஓடினான், திரும்பி வந்து நின்றான். வழக்கமாக அவள் அடுத்த ஆளைத் தேடி ஓடிவிடுவாள், அன்றைக்கு எதற்கோ சட்டென்று திரும்பினாள். ஜெரோம் விட்ட இடத்திலேயே நிற்கிறான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு அவனைக் கேட்கவில்லை, ரிஃபாவைக் கேட்கவில்லை, நேராகப் பெஞ்சைத்தான் பார்த்தாள். இவர் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கையை உயர்த்தி ஆட்டினாள். சிரித்தாள். இவரும் ஆட்டினார். சந்தோஷத்தில் ஆட்டுகிறாள் என்று அன்றைக்கு வைத்துக்கொண்டார். ஆனால் ஏன் முதலில் இந்தப் பக்கம் பார்த்தாள்? புரிந்திருக்குமா? எட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன புரியும், விளையாட்டு மும்முரத்தில் இருக்கும், பார்த்தது பதிந்திருக்காது. புரிந்திருந்தால் அழுதுகொண்டு ஓடிவந்திருப்பாளே, லிஃப்டில் அன்றைக்கும் யாராலயுமே புடிக்க முடியலப்பா என்று சொல்லியிருக்க மாட்டாளே. அதையே பிடித்துக்கொண்டு இத்தனை நாள் தூங்கினார். தூக்கம் என்று சொல்ல முடியாது, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"ஏ, ஒன்னயத்தான்!" என்று ஒரு சத்தம். ஈஸ்வரமூர்த்தி தாளை இறக்கினார். முத்தரசி மற்றவர்களை விட்டுவிட்டு வர்ணிகாவைக் குறிவைத்துவிட்டாள். இந்தப் பெண்ணை ஏன் யாரும் துரத்துவதில்லை என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும், துரத்தாமல் விட்ட ஆளைத் துரத்துவதுதானே புத்திசாலித்தனம். ரிஃபா நடுவில் வந்து, என்னையப் புடி, என்னையப் புடி என்று ஆசை காட்டினாள், பாவம் அந்தப் பிள்ளை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் பார்க்கிறது. முத்தரசி அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. வர்ணிகா ஓடினாள். இத்தனை நாள் ஓடினது ஓட்டமில்லை என்பது அப்போதுதான் ஈஸ்வரமூர்த்திக்குத் தெரிந்தது. இது வேறு. வாயைத் திறந்துகொண்டு, கண் அகன்று, கையை வீசி, வெள்ளைக் காரைச் சுற்றி, தொட்டி மேட்டில் ஏறி இறங்கி, தூணைப் பிடித்துச் சுழன்று, நிஜமான பயத்தோடு நிஜமாக ஓடினாள். நல்லாத்தான் ஓடறா, என்று ஒரு கணம் அவருக்குள் யாரோ சொன்னார்கள். அந்தக் கணத்தை அவர் முழுசாக அனுபவிக்கவில்லை. விழுந்துவிடுவாள், பிடிபட்டுவிடுவாள், அதே வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் அதே மாதிரி நிற்பாள், நகம் மறுபடி வாய்க்குப் போகும், தோசை ஒன்றாகும், அந்த மேடம் மறுபடி வரச்சொல்வார். வெறுங்கால் தரையில் அறைகிற சத்தம் நெருங்கியது. முத்தரசியின் கை நீண்டது, மஞ்சள் சட்டையின் முதுகில் பட்டது. "லாக்!" என்று அவள் கத்தினாள். வர்ணிகா ஓடின வேகத்தில் தள்ளாடி, ஒரு காலை ஊன்றி, நின்றுவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் தொட்டது, ஊரெல்லாம் தினமும் நடப்பது. ஈஸ்வரமூர்த்தி எழுந்து நின்றிருந்தார், தாள் காலடியில் கிடந்தது, யாருடைய வாயோ உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தது, "ஏம்மா, அவளை விட்டுரு! அவ ஒப்புக்குச் சப்பாணி, அவளப் புடிக்கக் கூடாது!" தன்னுடைய வாய்தான் என்று அவருக்குத் தெரிவதற்குள் சொல்லி முடித்துவிட்டிருந்தார்.

பி பிளாக் சுவரில் பட்டு அந்தச் சத்தம் இன்னொருதரம் கேட்டதுபோலிருந்தது. ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடின இடத்திலேயே நின்றுவிட்டார்கள், துரத்துகிறவள் தொடாமலே எல்லோரும் லாக். ஜெரோம் தரையைப் பார்த்தான். ரிஃபா அவரைப் பார்த்தாள், இந்தத் தடவை கண்ணைத் திருப்பவில்லை, நான் அப்பவே சொன்னேனே என்பதுகூட அந்தப் பார்வையில் இல்லை, ஐயோ என்பது மட்டும்தான் இருந்தது. ஒரு சின்னப் பிள்ளை தன்மேல் பரிதாபப்படுகிறது என்பதைத் தாங்கிக்கொண்டு நிற்கிற அளவுக்கு அவருக்கு வயசும் காணாது, அனுபவமும் காணாது. முத்தரசிதான் முதலில் பேசினாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்படியா? இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? எங்க ஊர்ல ஒப்புக்குச் சப்பாணின்னா ஆட்டம் தொடங்கையிலயே சொல்லிருவோம்லா. சரி, நீ போ" என்று வர்ணிகாவைப் பார்த்துக் கையை வீசினாள். வர்ணிகா நகரவில்லை. "நான் லாக்" என்றாள். "இல்ல, நீ போலாம். ஒனக்குக் கணக்குக் கெடயாது." "நீ தொட்டே. நான் லாக்!" இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் உடைந்தது, ஆனால் அழவில்லை. இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, எந்தக் காலை எப்படி ஊன்றினாளோ அப்படியே நின்றாள்.

ஈஸ்வரமூர்த்தி அவளிடம் நடந்தார். பத்துப் பதினைந்து அடி இருக்கும், அதற்குள் எத்தனை பேச்சுத் தயார் செய்தார். அப்பா சும்மா சொன்னேன் சாமி, விளையாட்டுக்குச் சொன்னேன், அந்தப் பாப்பாவுக்கு விதி தெரியாது, நீதான் ரொம்ப வேகம், ஐஸ்கிரீம் சாப்பிடப் போலாமா. பூசி மெழுகிப் பழகின நாக்கு, அன்றைக்கென்று பார்த்து ஒத்துழைக்க மறுத்தது. "அம்மிணி, வா, மேல போலாம்" என்று மட்டும் சொன்னார். "வரமாட்டேன்." "அப்பா வந்து... நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..." அவள் தலையைத் திருப்பவில்லை, லாக்கில் தலையைத் திருப்பக் கூடாது. எதிரேயிருந்த தூணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்குத் தெரியும்ப்பா." "என்ன தெரியும்?" "ஜெரோம் திரும்பிப் போய் நின்னப்பவே தெரியும். அப்பறமா ரிஃபாக்காகிட்டக் கேட்டேன். சொல்லிட்டாங்க." மூக்கை உறிஞ்சினாள். துடைத்துக்கொள்ளக் கையை எடுக்கவில்லை. "நீங்க தெனமும் லிஃப்ட்ல கேப்பீங்கல்ல. யாரும் புடிக்கலன்னு சொன்னா உங்களுக்கு ரொம்பச் சந்தோசமா இருக்குமில்ல. அதான் சொன்னேன்."

அவருக்கு உட்கார வேண்டும்போலிருந்தது, உட்கார அங்கே எதுவுமில்லை. இத்தனை நாளும் யாரை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? அந்தக் கை தட்டலை அவள்தான் இவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள், அப்பா அழக் கூடாதென்று, அப்பா தோற்கக் கூடாதென்று, எட்டு வயசில், மூச்சு வாங்கிக்கொண்டே, சிரித்துக்கொண்டே. நெஞ்சு முழுக்க வெட்கம். எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத வெட்கம். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும்போல ஒரு வேகம் வந்தது, கையை நீட்டினார். "தொடாதீங்கப்பா!" என்றாள் பதறி. நீட்டிய கை நடுவிலேயே நின்றது. "நீங்க ஆட்டத்துல இல்ல." அதைக் கோபமாகச் சொல்லவில்லை. விதியைச் சொல்கிறவள் போலத்தான் சொன்னாள். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், அவருக்கு மட்டும் கேட்கும்படி, "நீங்க போங்கப்பா. நீங்க இங்க நின்னா என்னைக் காப்பாத்த யாரும் வரமாட்டாங்க" என்றாள்.

அவர் சுற்றிப் பார்த்தார். அவள் சொன்னது சரி. பிள்ளைகள் எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் என்ன சொல்வார், இனி இங்கே விளையாட விடுவாரா மாட்டாரா என்று. செயலாளர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்தார். "விளையாடுங்க" என்றார். அது யார் காதிலாவது விழுந்ததா தெரியவில்லை. திரும்பி நடந்தார். வர்ணிகாவைத் தாண்டி, லாக்கில் நின்ற ஜெரோமைத் தாண்டி, ரிஃபாவிடம் வந்தபோது நிற்க நினைத்து, நிற்கத் தைரியமில்லாமல், "தப்பு என்னோடதுதான் கண்ணு" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். பிளாக்கின் மூலை திரும்பி, யார் கண்ணுக்கும் படாத இடத்துக்கு வந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டார். எட்டிப் பார்த்தால் தெரியும், ஒரு தலை அகலம் நகர்ந்தால் போதும். பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மேடம் சொன்ன, ஒன்றும் செய்யாமல் இருப்பது என்கிற காரியத்தை அவர் அப்போதுதான் முதல்முதலாகச் செய்தார். அது இவ்வளவு கனக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பிறகு முத்தரசி, "ஆட்டம் உண்டா இல்லியா?" என்றாள். "உண்டு" என்றது ரிஃபாவின் குரல். உடனே கால்கள். திபுதிபுவென்று ஒரு ஜோடிக் கால் ஓடியது, அதை விரட்டி வெறுங்கால் அறைகிற சத்தம், "ரிஃபாக்கா, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!" என்று யாரோ கத்தினார்கள், கத்தியது வர்ணிகா. "கைய நீட்டுங்கக்கா!" ஒரு சறுக்கல், "லாக்!" என்று முத்தரசி, "அய்யோ, ஒரு சாண்தான்!" என்று ரிஃபா, சிரிப்பு. காப்பாற்ற வந்தவளும் மாட்டிக்கொண்டாள். இனி நிற்க வேண்டியதுதான் என்று ஈஸ்வரமூர்த்தி கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்போது வர்ணிகா மறுபடி கூப்பிட்டாள். "நாங்க ரெண்டு பேர் இங்க லாக்! யாராச்சும் வாங்க! சீக்கிரம் வாங்க!" மூன்று பிளாக்குக்கும் கேட்டிருக்கும். மேலே எங்கோ ஒரு ஜன்னல் திறந்தது. தன் மகளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, அவளுக்குக் கேட்டுவிடாதபடி அழுதார்.